இந்தியாவில் கலப்பு மகிழுந்துகள்

கலப்பு மகிழுந்து அல்லது ஐபிரிட் கார் என்பது பெட்ரோல் எந்திரம், மின்னோடி ஆகிய இரண்டையும் கொண்டு இயங்கும் மகிழுந்து ஆகும். வேகம் குறையும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்னாக்கப்பட்டு மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. இதனால் நெரிசல் மிக்க நகரச் சாலைகளில் எரிபொருள் மிச்சமாகிறது. பெரும்பாலான வகைகளுக்கு வெளியிலிருந்து மின்னேற்றம் தேவையில்லை.

வரலாறு

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் கலப்பு மகிழுந்தான டொயோட்டா பிரியசு 1997 இல் சப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஓண்டா சிவிக் ஐபிரிட் 2008 இல் அறிமுகமானது. முழுமையாக இறக்குமதி செய்யப்பட்டதால் அதன் விலை 20 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. 2010 இல் வந்த பிரியசும் விலை மிகுந்ததாகவே இருந்தது. 2013 இல் பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதியில் கேம்ரி ஐபிரிட் தயாரிக்கப்படத் தொடங்கியது.

வரியும் தேவையும்

இவ்வகை மகிழுந்துகளின் தேவையை விலையும், விலையை வரியும் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த வரி, கூடுதல் தீர்வையுடன் 43 விழுக்காடாக உயர்ந்தது. மின் மகிழுந்துகளுக்கான வரியோ 12 விழுக்காடாக இருந்து, 2019 இல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

எனினும் 2022 இல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஐரைடர், இன்னோவா ஐகிராசு ஆகியவை உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு அறிமுகமானபின் தேவை உயர்ந்தது. ஐகிராசின் சில வகைகளுக்குப் பல மாதக் காத்திருப்பு ஏற்பட்டது. மாருதி 2020 இல் டீசல் மகிழுந்துகளைக் கைவிட்டிருந்ததால், எரிபொருள் சிக்கனத்தை நாடியோருக்கு இவை மாற்றாக அமைந்தன. 2024 இல் உத்தரப் பிரதேச அரசு இவற்றுக்குப் பதிவு வரிவிலக்கு அளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கலப்பு மகிழுந்துகளுக்கு 40 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது.