மன்னார்க் கரையின் பள்ளித் தோம்பு

1560இல் பறங்கியரால் கட்டப்பட்டு, 1658இல் ஒல்லாந்தர் வசமாகி, 1795இல் ஆங்கிலேயருக்குக் கைமாறிய மன்னார்க் கோட்டையைப் பற்றி எழுதுவோர், பீரங்கிகளையும் முத்துக்குளிப்பையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, கோட்டையின் அதிகாரத்தைக் குடிசைவரை கொண்டுசென்ற தோம்பு என்னும் ஏட்டை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம். எனக்கோ பீரங்கியினும் அந்த ஏடே சுவாரசியமானது.

பறங்கியர் தொடங்கிய இவ்வழக்கத்தை ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரமெங்கும் வகைபிரித்து விரித்தனர். குடித்தலைவனையும் குடும்பத்தாரையும் அவர்தம் ஊழியக் கடமையையும் பதிந்தது தலைத் தோம்பு. காணியின் பரப்பையும் அதில் நின்ற மரங்களையும் செலுத்தவேண்டிய இறையையும் பதிந்தது நிலத் தோம்பு. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தது பள்ளித் தோம்பு. காணிக்கு உடையவனாக ஒரு தோம்பில் எழுதப்பட்டவன் மற்றொன்றில் குடியாக இருந்தாக வேண்டும்; அவனுக்கு வாரிசென்று வருபவன் பள்ளித் தோம்பில் பிறந்திருக்க வேண்டும். கணினித் தரவுத்தளத்தில் இன்று ஃபாரின் கீ என வழங்கும் நிபந்தனையின் சாரமும் இதுவே: ஒரு வரி சுட்டும் எண் மூல அட்டவணையில் இல்லையெனில் அவ்வரியை இயந்திரம் ஏற்க மறுக்கும்.

மன்னார்த் தீவின் கோயில்களை ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார். கோயிலை அடுத்துப் பள்ளி, பள்ளியிலே சட்டம்பியார் என்னும் ஆசிரியர், அவர் கையிலே தோம்பு. பேசாலையில் தந்தையை இழந்த ஒருவன் முதுசக் காணிக்கு உரிமை கோரி வந்தான் என்று கொள்வோம். மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்து முடிந்த பெற்றோரின் விவாகம் ஏட்டில் காணப்படவில்லையெனில், அவன் ஊரறிந்த மகனாயினும் ஏடறிந்த மகனல்லன். தடை மகனின் வரியிலே தோன்றும். அதன் காரணமோ, ஒரு தலைமுறைக்கு முன் எழுதாமல் விடப்பட்ட தந்தையின் வரியிலே கிடக்கும். சில சமயம் அந்த வரி இருந்தும் பொருந்தாது: ஞானஸ்நானத்தில் அந்தோனி எனப் பெயர் பெற்றவன் காணி ஏட்டில் வீட்டுப்பெயரால் நிற்பான், ஒல்லாந்த எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதிய உருவம் இரண்டுக்கும் ஒவ்வாது. இன்றைய தரவுத்தளப் பணியாளரும், பிழை காட்டிய வரியைத் திருத்த முயலாமல், மூல வரி உண்டா, இரண்டின் எழுத்தும் வகையும் ஒன்றா என்று பின்னோக்கிச் செல்வதே முறை.

ஆனால் மன்னாரில் மறதியினும் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, தம் சீர்திருத்த சபையின் சடங்கையே ஏட்டுக்குத் தகுதியாக்கினர். 1670இல் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தோடு மருதமடுக் காட்டுக்குள் ஒதுங்கின. காட்டில் பிறந்த குழந்தைகளைத் தேடி எந்தச் சட்டம்பியாரும் சென்றிருக்கமாட்டார். கரையிலே தங்கியவருட் பலர், ஏட்டுக்காக ஒல்லாந்தப் போதகரிடம் ஒரு சடங்கும், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகள் போன்ற குருமார் இரவில் வந்தபோது மனச்சாட்சிக்காக மற்றொரு சடங்கும் செய்துகொண்டனர். ஏடு குறையின்றிப் பொருந்தியது. அதிலிருந்த கிறிஸ்தவனோ ஊரில் இல்லை. நிபந்தனையைத் திருப்திப்படுத்த வெற்று மூலவரியை நுழைத்துவிட்டு நிம்மதியடையும் நம் காலத்துக் குறுக்குவழிக்கு இது மூத்தது. பழியை மட்டும் குடிகள்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் பொய்யை ஏட்டுக்குள் நுழையும் ஒரே வாயிலாக்கியவர் ஏட்டை ஆண்டவரே.

இதற்குப் பரிகாரம் செய்தது தேசாதிபதி தாமஸ் மெயிற்லண்ட் காலத்தில் 1806இல் பிறந்த ஒழுங்குவிதி. கத்தோலிக்கருக்குச் சமய சுதந்திரம் அளித்த அவ்விதி, 1795 ஆகஸ்ட் 26 முதல் அவர்தம் முறைப்படி நிகழ்ந்த விவாகங்கள், ஒல்லாந்த அரசு விதித்த சடங்குமுறை அனுசரிக்கப்படாதபோதிலும், சட்டப்படி செல்லுமென்றது. அத்தேதிக்கு முந்தியவை அந்த வாசகத்துள் அடங்கவில்லை.