துணிமூட்டையோடு கப்பலேறியவர்கள்

மாகறலில் நடந்த வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் எல்லாம் கடற்கரைக் கதைதானே? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஊரை ஒட்டி ஓடும் சேயாற்றைத்தான் காட்டினோம். அது திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்தச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்துத் துணி வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1613-ல், பழவேற்காட்டில் அவர்களுக்குக் கெல்டிரியா கோட்டை இருந்தது. 1639-ல் ஆங்கிலேயர் மதராசில் இடம் வாங்கியதும் துணிக்காகத்தான். கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, சோழமண்டலக் கரைத் துணியே கைமுதலாக இருந்தது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். அதே கப்பல்களில் ஆட்களும் போனார்கள்.

1621-ல் டச்சுத் தளபதி கூன், ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் ஏறக்குறைய இல்லாமலாக்கினார். பிறகு தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும்; பத்தாவியா நகரைக் கட்டவும் ஆள் வேண்டும். பழவேற்காடு ஆள் அனுப்பும் துறையாகவும் ஆனது. எப்போதும் ஒரே அளவில் அல்ல. மழை பொய்த்தபோதும் படைகள் ஊரைச் சூறையாடியபோதும் மனித விலை சரியும். வாங்குகிறவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். 1659-61-ல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைப் பகுதியை அழித்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றப்பட்டார்கள்.

ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் சேரி மக்கள் என்று சொல்வது சரியாகாது. பஞ்சத்தில் நெசவாளர்களும் உழவர்களும்கூடப் பிள்ளைகளை விற்றார்கள். ஆனால் 'வெள்ளைக்காரன் வந்துதான் அடிமை முறை வந்தது' என்று நம் மேடைகளிலேயே சிலர் பேசுகிறார்களே, அதை ஏற்க முடியாது. நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய ஓலைகள் தமிழ்நாட்டில் கிடைத்திருக்கின்றன. பறையரும் பள்ளரும் பண்ணைக்கு அடிமைகளாக இருந்த ஊர்கள் கம்பெனிக்கு முந்தியவை. ஒரு மனிதருக்கு விலை வைக்கலாம் என்பதைச் சாதி ஏற்கெனவே பழக்கியிருந்தது. கப்பல்காரன் அந்தச் சந்தையைக் கடல் வரை நீட்டினான்.

மதராசும் விலக்கல்ல. எலிஹு யேல் ஆளுநராக இருந்த 1687-ல், செயிண்ட் ஹெலினா தீவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டையில் உத்தரவானது. கோல்கொண்டாவைப் பிடித்த மொகலாயரின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இரக்கத்தால் வந்த தடை அல்ல அது. உள்ளூர்ப் பண்ணையடிமைகளை அது தொடவும் இல்லை. அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று சொல்ல 1843 வரை ஆனது.

யேல் பெரும் பணக்காரராக ஊர் திரும்பினார். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு 417 புத்தகங்களும், மன்னர் ஜார்ஜின் படமும், 9 மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டைகளில் பெரும்பகுதி துணி. விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்; இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

"அந்தப் பத்துப் பேர் பேரு?" என்று அந்த மாணவியே திரும்பக் கேட்டார். நாங்கள் கொண்டுபோன எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.