ஒற்றை பல்பிலிருந்து சோலார் தகடு வரை: நம் கூரைக்கு யார் பணம் தருவார்?

திருச்சியில் மாணவர்களோடு உட்கார்ந்து சோலார் மானியம் பற்றி நாங்கள் பேசும்போதெல்லாம், பேச்சு ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. வீடு யார் பெயரில் இருக்கிறது? கேள்வி சின்னதுதான். ஆனால் நம் காலனிகளில் அதற்குப் பதில் சொல்ல மூன்று தலைமுறைக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

திருச்சி, மின்சாரத்துக்கு நெருக்கமான ஊர். காவிரியின் மேல்பக்கம் மேட்டூரில் 1937இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1960களில் திருவெறும்பூருக்கு பெல் தொழிற்சாலை வந்தது. நாட்டின் பல அனல்மின் நிலையங்களில் எரியும் பாய்லர்கள் இங்கே செய்யப்பட்டவை. ஆனால் மின்கம்பி எந்தத் தெருவோடு நின்றது என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

அரசின் பழைய வரையறையைப் பாருங்கள். 1997 வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்கேனும் எதற்கேனும் மின்சாரம் பயன்பட்டால் அது 'மின்மயமான கிராமம்'. மிராசுதார் வயலில் ஒரு பம்புசெட் ஓடினால் போதும். சேரி இருட்டில் கிடந்தாலும் கணக்கில் வெளிச்சம்தான். 2004இல் வந்த புதிய வரையறைதான், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் போய்ச்சேர வேண்டும், மொத்த வீடுகளில் 10 சதவீதத்துக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்றது. அந்த ஒரு வரி எழுதப்பட, விடுதலைக்குப் பிறகு 57 ஆண்டுகள் ஆனது.

இதற்கிடையில் குடிசைகளுக்கு ஒரு விளக்குத் திட்டம் வந்தது. 1988-89இல் ஒன்றிய அரசு தொடங்கிய குடீர் ஜோதி திட்டமும் அதே வழிதான்: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு. அந்த பல்புக்குக் கீழே படித்து வந்தவர்கள் நம்மில் பலர். அதை நாங்கள் இழிவாகப் பேச மாட்டோம். ஆனால் நமக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள் என்பதை மறக்கவும் கூடாது.

2011இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று ஜெயலலிதா முதலமைச்சரானார். அந்த ஆண்டே சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி கான்கிரீட் வீடு, செலவு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குகளுக்கு மட்டும். ஆண்டுக்கு 60,000 வீடுகள், அதாவது 1,080 கோடி ரூபாய். முழுவதும் மாநில அரசின் பணம், கடன் கிடையாது. 29 சதவீதம் பட்டியல் சாதியினருக்கு, 1 சதவீதம் பழங்குடியினருக்கு என்று ஒதுக்கீடும் இருந்தது. ஏழையின் வீட்டையும் அதன் மின்சாரத்தையும் ஒரே செலவாகக் கணக்கிட்டுக் கொடுத்த இந்தத் திட்டத்தை, மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பயனாளி கிராம ஊராட்சியில் குடியிருக்க வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கமோ 1994இலேயே திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எனவே அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் ஊராட்சிகளில் இருந்தவர் கேட்க முடிந்தது. முதலமைச்சரின் தொகுதிக்குப் பெயர் கொடுத்த தீவு நகரத்தில் குடிசையில் இருந்தவர் கேட்க முடியவில்லை. இரண்டாவது நிபந்தனை, சொந்தப் பெயரில் 300 சதுர அடிக்குக் குறையாத மனையும் அதற்குப் பட்டாவும்.

பட்டா என்றால் நமக்கு 1892 நினைவுக்கு வர வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து அந்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி நம் கைவிட்டுப் போனது. மிஞ்சியது புறம்போக்கும் ஆற்றங்கரையும் வாய்க்கால் ஓரமும்தான். கோயில் நிலத்தில் குடியிருப்பவர் பட்டா கேட்டு அலைவதும் ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. நிலம் போனபோது, நூறாண்டு கழித்து வரப்போகும் சோலார் தகட்டுக்கான தகுதியும் சேர்ந்தே போய்விட்டது.

இப்போது 2024க்கு வருவோம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். தகடு பொருத்திய பிறகுதான் மானியம் கணக்கில் விழும். முதலில் கைக்காசு அல்லது வங்கிக் கடன். சொந்தக் கூரையும் வேண்டும்.

மிச்சமாகும் மின்கட்டணத்தில் கடனை அடைத்துவிடலாம் என்பதுதான் இதன் கணக்கு. ஏ.சி. ஓடும் வீட்டுக்கு அது சரி. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 160 யூனிட் ஓடும் நம் வீட்டில் 60 யூனிட்டுக்குத்தான் கட்டணம். அதில் எதை மிச்சம் பிடித்துத் தவணை கட்டுவது? கடன் வழியாக வரும் பசுமை, அதிகம் செலவழிப்பவருக்கே லாபம் தரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கோ கூரையே சொந்தமில்லை.

நமக்கு முதலில் தேவை வெப்பத்திலிருந்து விடுதலை. திருச்சி வெயிலில் 300 சதுர அடி கான்கிரீட் வீடு ராத்திரி முழுக்க அனலைக் கக்கும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து அரசு கட்டும் வீடுகளிலும் அதைக் கட்டாயமாக்கியது. வேறொரு கூரையில் பிறக்கும் சூரிய மின்சாரத்தைப் பல குடும்பங்களின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறையை டெல்லி 2019இலேயே அனுமதித்தது. சொந்தக் கூரை இல்லாதவரும் பங்கு பெற இப்படி வழிகள் உண்டு.

பணம்? நம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காகவே 1979-80இல் சிறப்பு உட்கூறு திட்டம் தொடங்கியது. அந்த நிதி வேறு பக்கம் திருப்பப்படுவதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினோம். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. காலனி வீடுகளின் கூரைப் பூச்சு, மின்சிக்கன விசிறி, சமுதாயக் கூடத்தின் மேல் பொதுச் சோலார், நாலைந்து ஆண்டில் தேய்ந்துபோகும் பேட்டரிக்கு மாற்று ஆகியவற்றைக் கடனாக அல்லாமல் இந்த நிதியிலிருந்தே கேட்க நமக்கு இப்போது சட்டம் இருக்கிறது.

தோழர்களே, அடுத்த கிராம சபைக்கும் வார்டு கூட்டத்துக்கும் போகும்போது இரண்டு மனுக்களை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று கூரைக்கு. இன்னொன்று பட்டாவுக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றதை விட்டுவிட்டால், அடுத்த திட்டமும் நம் தெருமுனையிலேயே நின்றுவிடும்.

ஜெய்பீம்.