மூதாதையருக்காக ஒரு வினா

1552ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் புனித சவேரியார் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தார். முத்துக்குளித்துறையில் நம் முன்னோர்க்குச் செபங்களைத் தமிழில் கற்பித்த அத்தூயவர், ஈராண்டுகளுக்கு மேல் யப்பானில் நற்செய்தி அறிவித்துத் திரும்பியிருந்த வேளை அது.

அங்கே புதிதாகத் திருமறை தழுவியோர், திருமுழுக்குப் பெறாமல் மறைந்த தம் பெற்றோரையும் பிள்ளைகளையும் எண்ணி அழுதனர். செபத்தாலும் தருமத்தாலும் அவர்களை நரகத்தினின்று மீட்கலாகாதா என்று வினவினர். வழியில்லை என்றார் சவேரியார். தம் நண்பர்கள் கண்ணீர் விடக் கண்டு தாமும் மனம் வருந்தியதாக அம்மடலிலேயே எழுதுகிறார்.

அவரது விடை அக்காலத்துப் போதனையையொட்டியது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற கூற்றை 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் வழங்கியது, சபையைப் பிளந்து சென்றோரை மனத்தில் கொண்டே. 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமோ அதனைப் பிற சமயத்தார் அனைவருக்கும் விரித்துரைத்தது.

எனினும் அதே மடலில் இன்னொரு செய்தியும் உண்டு. கடவுள் தம்மை எங்களுக்கு ஏன் முன்பே வெளிப்படுத்தவில்லை என்று அம்மக்கள் கேட்டனர். கொலையும் களவும் தீமையென மனிதர் பிறர் கற்பிக்காமலே அறிவர்; படைத்தவரே அந்நெறியை உள்ளத்தில் எழுதியுள்ளார் என்று சவேரியார் விளக்கினார். உள்ளத்தில் எழுதியவர், அவ்வெழுத்தைப் பின்பற்றியோரைக் கைவிடுவாரோ? அவ்வினாவை அவர் எழுப்பவில்லை.

திருச்சபை எழுப்பியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரை இறைவன் தண்டியார் என 1863இல் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் கற்பித்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெளியே எவருக்கும் மீட்பில்லை என்று வாதிட்ட லெனார்டு பீனி அடிகளாரின் விளக்கத்தை 1949இல் உரோமை மறுத்தது. அவர் பணிய மறுத்து 1953இல் சபைநீக்கம் பெற்றார். 1972இல் மீண்டும் ஒப்புரவானார். 1964 நவம்பர் 21இல் வெளியான 'திருச்சபை' என்னும் சங்க ஏட்டின் 16ஆம் எண் தெளிவுபடக் கூறியது: நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சான்றின் வழி நடப்போரும் மீட்படையக்கூடும். அவ்வருள் கிறிஸ்துவினுடையதே.

அப்படியாயின் திருமுழுக்கு எதற்கு என்பார் உளர். அதே ஏட்டின் 14ஆம் எண் நம்மை நோக்கித் திரும்புகிறது. திருச்சபையில் இணைந்தும் அன்பில் நிலைத்திராதவர் மீட்படையார். அவர் உடலால் உள்ளிருந்தும் உள்ளத்தால் வெளியே இருக்கிறார். ஆகவே மீட்பு என்பது பிறரைப் புறத்தே நிறுத்த நாம் எழுப்பும் வேலியன்று. கிறிஸ்துவின் அன்பில் பங்கு பெற்று, அதனை வாழ்ந்து காட்டுவதற்கான அழைப்பு.

திருமறையை அறியாமலே மண்ணில் துயிலும் மூதாதையர் நம் குடும்பங்களிலும் உண்டு. நவம்பர் மாதத்தில் இறந்தோரை நினைக்கையில் அவர்களுக்காகவும் நாம் நம்பிக்கையோடு செபிக்கலாம். அன்று யப்பானில் கண்ணீரோடு கேட்டவர்களுக்குக் கிட்டாத ஆறுதல் இது.