சீனக் குடியரசுத் தோற்ற ஞாபகார்த்த வெள்ளி நாணயம்

முன்பக்கத்தில் ஸன் யாட் ஸென்னின் இடப்புறம் நோக்கிய முகமும், பின்பக்கத்தில் தானியக் கதிர்களின் நடுவே ஒரு யுவான் என்னும் மதிப்பைத் தெரிவிக்கும் சீன எழுத்துக்களும், அவற்றைச் சூழ்ந்து குடியரசின் பிறப்பை நினைவுகூரும் ஆங்கில வாசகமும் பொறிக்கப்பெற்ற இவ்வெள்ளி நாணயம், ஏறக்குறைய 39 மில்லிமீட்டர் குறுக்களவும் 27 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உடையது. ஞாபகார்த்தம் என்று தன்னைத்தானே பறைசாற்றிக்கொள்ளும் இந்நாணயத்தில் வருஷம் மட்டும் குறிக்கப்படாமையால், கையில் கிடைத்தவர் பலரும் இது 1912ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்றே நிச்சயித்துவிடுகின்றனர். அந்நிச்சயம் பெரும்பாலும் பிழையாகும்.

1911 அக்டோபரில் வூச்சாங்கில் மூண்ட புரட்சியின் பயனாக மஞ்சூ வமிசத்தின் ஆட்சி ஆட்டங்காண, 1912 ஜனவரி 1ஆம் தேதி நான்கிங் நகரில் ஸன் யாட் ஸென் தற்காலிகத் தலைவராகப் பதவி ஏற்றார். புதிய ராஜ்யத்தின் தோற்றத்தைக் கொண்டாடும் பொருட்டு அவருடைய உருவந் தாங்கிய நாணயம் அந்த ஆண்டிலேயே வார்க்கப்பட்டது. ஆயினும் அதிகாரம் அவர் கையில் மூன்று மாதமும் நிலைக்கவில்லை. மார்ச்சு 10ஆம் தேதி பீக்கிங்கில் யுவான் ஷிக்காய் தலைமையை ஏற்றுக்கொண்டார். 1914 முதல் யுவானின் உருவம் பொறித்த நாணயமே தேசமெங்கும் பரவியது. ஜனங்கள் அதைப் ‘பெரிய தலை’ என்று வழங்கினர். ஸன் யாட் ஸென்னுடையது வியாபாரிகளிடையே ‘சிறிய தலை’ ஆயிற்று.

ஸன் யாட் ஸென் 1925 மார்ச்சு 12ஆம் தேதி காலமானார். இரண்டாண்டுகளுக்குப்பின் அவருடைய கட்சியினர் நான்கிங்கில் அரசாங்கத்தை நிறுவியபோது, அவருக்குப் பகைவராய் முடிந்த யுவானின் முகத்தையே தொடர்ந்து வார்ப்பது அவர்களுக்கு உசிதமாகத் தோன்றவில்லை. ஆகவே பழைய ஞாபகார்த்த அமைப்பையே சிறிது திருத்தி 1927 முதல் பெருந்தொகையாக வார்த்தார்கள். ஒரு சந்தர்ப்பத்தின் சின்னமாகத் தோன்றியது, இவ்வாறு நித்திய வியவகாரத்துக்குரிய செலாவணியாக மாறியது. நாணய சரித்திரத்தில் இத்தகைய மாற்றம் அபூர்வம் என்றே கருதுகிறேன். 1933இல் பாய்மரக் கப்பல் பொறித்த புதிய யுவான் தோன்றும்வரை இந்நிலை நீடித்தது.

காலத்தை நிர்ணயிக்க நோக்கவேண்டியது முகத்தையன்று, பின்பக்கத்து ஆங்கில வாசகத்தைப் பிரிக்கும் நட்சத்திரங்களை. ஐந்து முனைகள் இருப்பின் அது 1912ஆம் ஆண்டு வார்ப்பு. அவற்றுள்ளும் நட்சத்திரம் மேலே அமைந்தது, கீழே அமைந்தது என இருவகை உண்டு. இவை அரியவையாதலால் விலை மிகுந்தவை. ஆறு முனைகள் இருப்பின் 1927க்குரிய அமைப்பாகும். போலிகள் மலிந்திருப்பதால் எடையையும் விளிம்பின் வரிகளையும் சோதித்த பின்னரே நட்சத்திரங்களை எண்ணுதல் தகும்.

எனினும் ஆறுமுனை நட்சத்திரமும் முடிவான சாட்சியாகாது. 1948 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட தங்க யுவான் நோட்டு சில மாதங்களிலேயே மதிப்பிழக்க, வெள்ளியன்றி வேறொன்றையும் ஜனங்கள் ஏற்க மறுத்தமையால், 1949இல் காண்டன் நகரத்து நாணயச்சாலைகள் அதே அமைப்பில் மறுபடியும் வார்த்தன.