சுழல்துப்பாக்கி: காலனிய மிச்சமும் காலித் தோட்டாக்களும்

ராயப்பன்பட்டி மாதா கோவில் சப்பரத்துக்குப் பந்தோபஸ்து வரும் போலீஸ்காரர்களைச் சிறுவயதில் நாங்கள் முகத்தை வைத்து அடையாளம் கண்டதில்லை. இடுப்பைத்தான் பார்ப்போம். லத்தி மட்டும் இருந்தால் கான்ஸ்டபிள். பெல்ட்டில் தோல்உறை தொங்கி, அதிலிருந்து ஒரு கயிறு தோள்பட்டைக்கு ஏறினால் எஸ்.ஐ. உறைக்குள்ளே நிஜமாகவே துப்பாக்கி இருக்கிறதா, துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார்களா என்று எங்களுக்குள் பந்தயம் நடக்கும். ஒருநாளும் தீர்ந்ததில்லை அந்தப் பந்தயம். யாரும் அதை வெளியே எடுக்கவில்லை. எடுக்காமலே அது வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள நான் எம்.ஏ. முடித்து ஃபூக்கோவையெல்லாம் கடந்து வர வேண்டியிருந்தது. சப்பரம் தூக்குகிற ஆட்களுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

தமிழில் நமக்கு இதற்குத் துல்லியமான சொல்கூட இல்லை. ரிவால்வருக்கும் கைத்துப்பாக்கி, பிஸ்டலுக்கும் கைத்துப்பாக்கி. அகராதிக்காரர்கள் சுழல்துப்பாக்கி என்று ஒன்றைச் செய்து வைத்தார்கள், ஜனங்கள் சீந்தவில்லை. 'போலீசார் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியால் சுட்டதில்' என்று செய்தித்தாள் எழுதும்போது எது சுட்டது என்ற விவரம் அந்த ஒரு சொல்லுக்குள் அமுங்கிப் போகிறது. நமக்கோ அந்த விவரம் அவசியம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ரிவால்வரில் ஆறு அறை கொண்ட உருளை ஒன்று இருக்கிறது. விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். எல்லாம் சுடுகிறவனின் விரல் பலம்தான். அரைத்தானியங்கிப் பிஸ்டலில் சுட்ட வேகத்தின் பின்னுதைப்பே காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு, பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். இந்தியப் போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் ஈசாப்பூர்த் தொழிற்சாலையின் 9 மில்லிமீட்டர் பிஸ்டல், 1935ல் வந்த பெல்ஜியத்து பிரௌனிங் ஹை-பவரின் வாரிசு. மேகசினில் 13 தோட்டா. ஆகவே ரிவால்வர் பழசு, பிஸ்டல் புதுசு என்பது பொதுப்புத்தி. இந்தப் பொதுப்புத்தியைத்தான் கொஞ்சம் கலைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1859ன் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் உருவானபோது முன்மாதிரியாக இருந்தது ஆயுதமில்லாத லண்டன் போலீஸ் அல்ல, அயர்லாந்தின் ஆயுதக் காவல்படை. அடிமை நாட்டை ஆளப் பழகிய படை அது. இதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் 1857 நடந்திருந்தது. அதற்குப்பின் ஒரு விதி காலனிய ஆட்சிக்குள் உறுதிப்பட்டது: சுதேசிச் சிப்பாயின் கையில் இருப்பது வெள்ளைச் சிப்பாயின் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழசாக இருக்க வேண்டும். போலீசுக்கு வந்த .410 மஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். .303 ரைஃபிளின் உடம்பு, ஆனால் குழலின் உள்வரிகளை நீக்கி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா மட்டும் போடும்படி செய்திருப்பார்கள். அதன் தோட்டாவும் தனி ரகம், வெளியில் கிடைக்கும் .410 தோட்டா அதில் சேராது. கூட்டம் பிடுங்கிக்கொண்டு போனாலும், வைத்திருக்கிறவனே திருப்பிப் பிடித்தாலும் பெரிய சேதமில்லை. அதாவது ஆயுதம் கொடுக்கப்பட்டவன்மீதே உள்ள சந்தேகம் அந்த ஆயுதத்தின் இரும்பில் செதுக்கப்பட்டிருக்கிறது. 1878ன் ஆயுதச் சட்டம் மீதி ஜனங்களை வெறுங்கையாக்கியது.

இந்த அடுக்கின் உச்சியில்தான் ரிவால்வர். வெப்லி கம்பெனியின் .455 ரிவால்வரை பிரிட்டிஷ் படை 1887ல் ஏற்றுக்கொண்டது, பின்னால் அதைவிடச் சின்ன .38 வந்தது. அது அதிகாரியின் ஆயுதம், கான்ஸ்டபிளின் ஆயுதம் அல்ல. ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருக்கும் கூட்டத்துக்கு எதிராக அதற்குப் பெரிய உபயோகம் கிடையாது. அது யாரை நோக்கியது? பக்கத்தில் நிற்பவனை. கூட்டத்தை விடவும் தன் கீழ் உள்ள வரிசையை நோக்கியது என்றுகூடச் சொல்லலாம். கொல்வது நீளத் துப்பாக்கி, கொல்லச் சொல்வது குட்டைத் துப்பாக்கி. சாதியைப் போலவே இதிலும் வேலை ஒருவனுக்கு, அடையாளம் இன்னொருவனுக்கு.

எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதன் அர்த்தம் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் தெரிந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள்மீது சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காள் அதில் ஒருத்தி. ரேகைச் சட்டம் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள், குற்றப் பரம்பரை என்ற சொல்லை அவர்கள் வாயில் நான் கேட்டதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் கள்ளர் கிராமங்களிலும் ஆண்கள் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது துப்பாக்கி அல்ல, ஒரு பதிவேடு. பதிவேட்டுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது.

இதே காலத்தில் எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வரலாறு ஒரு வேடிக்கை காட்டுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் புனலூரில் வனத்துறை ஊழியர். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். 1914 ஆகஸ்ட் 26ல் கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து வங்கப் புரட்சிக்காரர்கள் கொண்டுபோனது 50 மௌசர் பிஸ்டல், 46,000 தோட்டா. 1928 டிசம்பர் 17ல் லாகூரில் சாண்டர்ஸ்மீது பகத்சிங் பிரயோகித்தது .32 கோல்ட் தானியங்கி. ரிவால்வர் தாங்கிய சாம்ராஜ்யத்தை அரைத்தானியங்கி தாங்கிய ரகசியக் குழுக்கள் எதிர்த்தன. (வாஞ்சியின் சனாதனத்தை நான் மறந்துவிடவில்லை. புதுக் கருவியைப் பிடிக்கிறவன் கருத்திலும் புதியவனாக இருக்க வேண்டுமென்று விதியில்லை.) ஆயுதத்தின் நவீனத்தில் அரசு பின்தங்கியிருந்தது, அதற்காக அது பலவீனமாக இருந்ததா? இல்லை. பதிவேடும் ரயிலும் கோர்ட்டும் அதன் பக்கம் இருந்தன. ரிவால்வரே அதற்குப் போதுமானதாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின்னும் அடுக்கு கலையவில்லை. .38, .303, 9 மில்லிமீட்டர் எல்லாம் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள், .32 உங்களுக்கு, மற்றது எங்களுக்கு. அந்த .32ஐயும் கான்பூர் ஆலை 2014ல் டைட்டானியத்தில் செய்து, நிர்பீக் என்று பெயர் வைத்து, பெண்களின் பாதுகாப்புக்கு என்று ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் விலை போட்டது. எந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கு என்பதை விலையே சொல்லிவிட்டது.

2008 நவம்பர் 26க்குப் பிறகு காட்சி மாறியது. மும்பை ரயில் நிலையத்தில் ஏ.கே.47க்கு எதிரே .303 பிடித்து நின்ற போலீஸ்காரர்களைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. கசாபைப் பிடித்த துக்காராம் ஓம்ப்ளேயிடம் துப்பாக்கியே இல்லை. அந்த மரணங்களின் முன் யாரும் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துக்கத்தின்மேல் ஏறி நின்று ஒரு சொல்லாடல் கட்டப்பட்டது: போலீசின் கை பழசு, ஆகவே நாம் பாதுகாப்பற்றவர்கள். நவீனமயமாக்கல் என்ற சொல் கேள்வி கேட்கப்படாமல் உள்ளே வந்தது. நம் ஆட்களும், நான் உள்பட, துருப்பிடித்த துப்பாக்கியைச் சொல்லிச் சிரித்து அந்தச் சொல்லாடலுக்குத்தான் தாளம் போட்டோம். கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு புதுத் துப்பாக்கிக்கு மனுப் போட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் இந்த மாற்றம் முன்னாலேயே நடந்துவிட்டது. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் சுடப்பட்டுச் செத்த பிறகு ரிவால்வர் போதாது என்ற குரல் எழுந்தது. நியூயார்க் போலீஸ் 1993ல் 9 மில்லிமீட்டருக்குப் போனது. 1999 பிப்ரவரி 4 அன்று அதே நகரத்தில் அமடு டியாலோ என்கிற ஆயுதமில்லாத கறுப்பு இளைஞர்மீது, அவர் வீட்டு வாசலில், நான்கு போலீஸ்காரர்கள் 41 தடவை சுட்டார்கள். 19 குண்டுகள் பாய்ந்தன. நால்வரில் இருவர் ஆளுக்குப் பதினாறு. ஆறு அறை மட்டும் இருந்திருந்தால் நான்கு பேரும் 24க்கு மேல் நிறுத்தித்தான் ஆகவேண்டும், நிறுத்தி உருளையைத் திறந்து தோட்டா போட வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவனாவது 'என்னடா செய்யறோம்' என்று நினைத்திருக்கலாம். நினைக்காமலும் போயிருக்கலாம். நால்வரும் 2000ல் விடுதலையானார்கள்.

இதை வைத்து ரிவால்வர் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ஹாங்காங் போலீசின் கையில் ரிவால்வர்தான் இருந்தது. 2019 அக்டோபர் 1ல் பதினெட்டு வயது மாணவனின் மார்பில் அதைத்தான் சுட்டார்கள். ஜப்பானில் ஐந்து அறை ரிவால்வரோடு போலீஸ் அபூர்வமாகவே சுடுகிறது என்றால் காரணம் உருளை அல்ல, அந்தச் சமூகம் தன் போலீசைக் கேட்கிற கணக்கு. நம்மூரில் 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 உயிர் போனதற்கும் கைத்துப்பாக்கி தேவைப்படவில்லை. மஃப்டியில் ஒருவர் வேன்மேல் ஏறி நீளத் துப்பாக்கியால் குறிபார்த்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது, போலீஸ்காரர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதைப் படித்துவிட்டு எந்தத் துப்பாக்கி பழசு என்று பேசிக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, முன்னால் சொல்லாமல் விட்டது. ரிவால்வர் சுட்டால் காலித் தோட்டா உருளைக்குள்ளேயே தங்கும். சுட்டவர் விரும்பும் இடத்தில், விரும்பும் நேரத்தில் கொட்டிக்கொள்ளலாம். பிஸ்டல் அப்படியல்ல, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு காலியைத் தரையில் எறிந்துவிட்டுத்தான் நகரும். அடிப்பாகத்தில் ஊசி குத்திய தழும்பு இருக்கும், எந்தத் துப்பாக்கி என்று சொல்லும். மோதல் சாவு என்று போலீஸ் சொல்லும் இடங்களுக்கு உண்மையறியும் குழுவாகப் போகிறவர்கள் நின்ற இடம், தூரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் அந்தப் பித்தளைத் துண்டுகளை வைத்துத்தான் விசாரிக்க முடியும். 2014 செப்டம்பர் 23ல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகளில், சுட்ட அதிகாரி ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும் ஒன்று. 2008 ஏப்ரலில் கொடைக்கானல் மலையில் நவீன் பிரசாத் கொல்லப்பட்டபோது அப்படியொரு நெறிமுறை இருக்கவில்லை. 'கைத்துப்பாக்கியால் சுட்டதில்' என்ற வரி மறைப்பது இதைத்தான்.

எங்கள் ஊரில் ரிட்டயரான ஏட்டு ஒருவர் திராட்சைக் கொடிக்காலில் பந்தல் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். அவருக்கு ரிவால்வர்தான் இஷ்டம். "தம்பி, பிஸ்டல்ல ஒரு ரவுண்டு வேலை செய்யலைன்னா கையும் வேலை செய்யாது, இழுத்துத் தள்ளிட்டுத்தான் அடுத்தது. ரிவால்வர்ல இன்னொரு அமுக்கு அமுக்கினா அடுத்த அறை வந்து நின்னுக்கிடும்" என்றார். பிஸ்டலில் அவருக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம் காலித் தோட்டா. பயிற்சி முடிந்தால் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒருதரம் ஒன்று குறைந்து, புல்லுக்குள் ஆபீசர் முதல் கான்ஸ்டபிள் வரை மண்டி போட்டு ரெண்டு மணி நேரம் தேடினார்களாம். "ஒரு காலிக்கு அம்புட்டு எழுத்துவேலை."

"வெளியில, ஆள்மேல சுட்ட இடத்துல, காலியை யாருண்ணே எண்ணுவா?" என்று கேட்டேன்.

அவர் கம்பியை இன்னொரு சுற்று இறுக்கினார். வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க தம்பி என்றார்.