திருப்பதி வழியில் விருந்தோம்பல்

இன்று திருப்பதியிலோ சித்தூரிலோ ஹோட்டலில் தங்குவோர் தொலைபேசியில் ஒரு சொல் சொன்னால் போதும். இட்டலியும் காப்பியும் அறைக்கே வந்துவிடுகின்றன. இதனை இக்காலத்துப் புதுமை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், தங்குமிடத்திலேயே வழிப்போக்கர்க்கு உணவு கிடைக்கச் செய்யும் ஏற்பாடு, இவ்வட்டாரத்தில் ஐந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறு உடையது. அப்பணியின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதற்கும் அவ்வரலாறே விடை தருகிறது.

திருமலைக் கல்வெட்டுக்களுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றில் 'விட்டவன் விழுக்காடு' என்ற தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. கோயிலுக்குப் பொருளோ நிலமோ விட்டவனுக்கு, நிவேதனம் செய்த பிரசாதத்தில் உரிய பங்கு என்பது அதன் பொருள். அப்பங்கு பொதுவாக நான்கில் ஒன்று. அளித்த பணம் பெட்டியில் உறங்கவில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்ட அது பயன்பட்டது. அதனால் பெருகிய விளைச்சலே நாள்தோறும் தளிகையாயிற்று.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சந்திரகிரியைத் தன் இருப்பிடமாகக் கொண்ட சாளுவ நரசிம்மன், திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுச கூடங்களை நிறுவினான். தனக்குரிய பிரசாதப் பங்கை அங்கு வரும் ஸ்ரீவைஷ்ணவ அடியார்க்கு வழங்கச் செய்தான். அவற்றை மேற்பார்த்தவர் கந்தாடை இராமாநுச ஐயங்கார். பிராமணரல்லாத சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்கள் அவருடைய சீடர்களாக விளங்கினர். ஆகவே, கூடத்தின் கதவு அந்நாளைய வழக்கத்தைவிடச் சற்று அகலத் திறந்தது எனலாம். எனினும் அது சமய எல்லையைக் கடக்கவில்லை.

1830ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து காசி யாத்திரை புறப்பட்ட ஏனுகுல வீராசாமி திருப்பதி வழியே சென்றார். அவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். தங்க இடமுண்டா, நல்ல நீருண்டா, கடையுண்டா என்று ஊர்தோறும் அவர் எழுதிவைத்த குறிப்புக்கள் 1838இல் தெலுங்கு நூலாக வெளிவந்தன. பல்லக்கும் பரிவாரமும் உடையவரே இவ்வாறு கவலைப்பட வேண்டியிருந்ததெனில், மூட்டையைத் தலையில் சுமந்து நடந்த ஏழை யாத்திரிகரின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சித்தூர் 1911வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகவும், பின்னர்த் தன் பெயரால் அமைந்த மாவட்டத்தின் தலைநகராகவும் இருந்தது. அக்காலத்தில் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிக்குப் பங்களாவும் சமையற்காரனும் இருந்தனர். உணவு அவர் அமர்ந்த நாற்காலிக்கே வந்தது. பொதுமக்களுக்குச் சத்திரங்களே புகலிடம். அவற்றுள்ளும் சாதிக்கொரு பந்தி என்ற பாகுபாடு பல இடங்களில் நிலவியது. சிலர்க்கு வாசற்படியே எல்லையாயிற்று. உள்ளே பரிமாறிய சோறு எவ்வளவு சுவையாயிருந்தும், வெளியே நின்றவர்க்கு அதனால் பயனில்லை.

1944இல் மலைப்பாதையில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின. யாத்திரிகர் கூட்டம் பெருகியது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, சாதி, மதம் முதலிய காரணங்களால் எவரையும் ஹோட்டல்களில் நுழையவிடாமல் தடுத்தலாகாது என விதித்தது. 1955இல் இயற்றப்பெற்ற தீண்டாமைக் குற்றச் சட்டம், தர்மசாலைகளிலும் சத்திரங்களிலும் தீண்டாமை காட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1985இல் திருமலையில் தேவஸ்தானத்தின் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. இன்று அங்கே பந்தியில் அருகருகே அமர்வோர் ஒருவரையொருவர் இன்னார் என்று கேட்பதில்லை.

கட்டணம் பெற்று அறைக்கு உணவு கொணர்வதும் நற்பணியே. முதியோர்க்கும், பிணியாளர்க்கும், நள்ளிரவில் வந்திறங்குவோர்க்கும் அதன் அருமை தெரியும். விரைவும் தூய்மையும் அதற்கு வேண்டும்; ஐயமில்லை. ஆயினும், விடுதியொன்றின் தரத்தை அளக்கப் புகும்போது, தட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது என்று கேட்குமுன், கதவு யார் யாருக்குத் திறந்தது என்று கேட்பதே முறை. விட்டவன் தன் விழுக்காட்டை வழிப்போக்கர்க்கு விட்டுக்கொடுத்த இம்மண்ணில், அவ்வினாவை நாம் மறத்தல் தகாது.